நிரல் பதில்கள்: இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை என்றால்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துகளின் வரிசையை, எப்படிச் சரியாகத் துண்டு போடுவது? "அதற்குத்தான் ஃபங்ஷன் இருக்கிறதே" என்று பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். பிழையான தரவு ஓசையின்றி நிரலுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே இடம் ஒதுக்குகிறேன்.

கேள்வி: சி மொழியில் மதிப்பெண் பட்டியலைப் படிக்கும் நிரல் எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் வரிசை எண்ணும் நான்கு தாள்களின் மதிப்பெண்களும் காற்புள்ளியிட்டு இருக்கும். தேர்வு எழுதாத தாளுக்கு இடம் காலி. '17,81,,62,' என்ற வரியில் மூன்றாம் தாளின் 62 இரண்டாம் தாளுக்குப் போய்விடுகிறது. வரி முடிவுக் குறியை முன்பே நீக்கிவிட்டேன். வரியைத் துண்டாக்க 'ஸ்டர்டாக்' (strtok) ஃபங்ஷனைத்தான் பயன்படுத்துகிறேன். எங்கே தவறு?

உங்கள் லூப்பில் தவறில்லை. ஃபங்ஷனைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு. 'ஸ்டர்டாக்' அடுத்தடுத்து வரும் பிரிப்பான்களை ஒரே பிரிப்பானாகவே எடுத்துக்கொள்ளும். தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பவற்றைத் தாண்டிவிடும். அதனால் உங்கள் வரியிலிருந்து 17, 81, 62 என்று மூன்று டோக்கன்கள், அதாவது துண்டுகள்தான் வெளியே வரும். இருக்க வேண்டியவை ஐந்து. வராத மாணவரின் நாற்காலியை எடுத்துவிட்டு மற்றவர்களை நெருக்கி உட்காரவைத்தால் இருக்கை எண் பார்த்து யாரையும் அடையாளம் காண முடியாது. இங்கே நடப்பதும் அதுதான்.

எந்த மொழியானாலும் வரியைப் பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பிரிப்பான் சொற்களைத் தள்ளி நிறுத்தும் வெறும் இடைவெளியா, அல்லது கட்டங்களை வரையறுக்கும் எல்லைக்கோடா? இடைவெளி என்றால் ஒன்றோ ஐந்தோ, எல்லாம் ஒன்றுதான். எல்லைக்கோடு என்றால் ஒவ்வொன்றும் கணக்கில் வர வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒன்றும் இல்லாததும் ஒரு தகவல். உங்கள் காற்புள்ளி எல்லைக்கோடு. 'ஸ்டர்டாக்' இடைவெளிக்காக எழுதப்பட்டது.

அதில் வேறு இரண்டு ஆபத்துகளும் இருக்கின்றன. முதலாவது, அது உங்கள் ஸ்ட்ரிங்கையே மாற்றிவிடும்: காற்புள்ளி இருந்த இடத்தில் ஸ்ட்ரிங் முடிந்தது என்று காட்டும் சுழி எழுத்தை எழுதிவைக்கும். பிரித்த பிறகு மூல வரியை அச்சிட்டுப் பாருங்கள், '17' மட்டுமே வரும். இரட்டை மேற்கோளுக்குள் நிரலிலேயே எழுதிய ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சி தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை. பல கணினிகளில் நிரல் அங்கேயே செத்துவிடும். இரண்டாவது, எந்த இடம் வரை வந்தோம் என்பதை அது தனக்குள் நினைவக இடத்தைச் சுட்டும் ஒரே ஒரு பாயிண்டரில் நினைவு வைத்திருக்கிறது. வெளி லூப்பில் வரிகளையும் உள் லூப்பில் காற்புள்ளிகளையும் அதையே கொண்டு பிரித்தால், உள்ளே நடப்பது வெளியே உள்ள நினைவை அழித்துவிடும். முதல் வரி முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நிரல் நம்பும். 'ஸ்டர்டாக் ஆர்' என்ற வடிவம் அந்த நினைவை உங்கள் கையில் கொடுத்து இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. காலிக் கட்டங்களை மட்டும் அதுவும் விழுங்கும்.

நான் பரிந்துரைப்பது 'ஸ்டர்சிஸ்பன்' (strcspn). தரநிலை சி மொழியில் உள்ள இந்த ஃபங்ஷன், அடுத்த பிரிப்பான் வரை எத்தனை எழுத்து என்று மட்டும் எண்ணிச் சொல்லும், எதையும் மாற்றாது. அந்த நீளத்தைத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்பது சுழி எழுத்து என்றால் நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒரு எழுத்து தாண்டி மீண்டும் எண்ணுங்கள். நீளம் பூஜ்யமாக வந்தால் அது காலிக் கட்டம். ஐந்தும் ஐந்தாகவே வரும்.

கேள்வி: பைத்தானில் 'ஸ்ப்ளிட்' என்று அடைப்புக்குறியைக் காலியாக விடுவதற்கும், உள்ளே ஓர் இடைவெளியைக் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டா?

நிறைய உண்டு. முன்னால் இரண்டு இடைவெளி, 'அ', மறுபடி இரண்டு இடைவெளி, 'ஆ', கடைசியில் ஒன்று என்று ஒரு ஸ்ட்ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். காலியாக விட்டால் 'அ', 'ஆ' என்ற இரண்டு மட்டும் கிடைக்கும். இடைவெளியைக் கொடுத்தால் ஆறு துண்டுகள் வரும். அவற்றில் நான்கு காலி. மேலே சொன்ன இரண்டு அர்த்தங்களையும் பைத்தான் ஒரே பெயரில் வைத்திருக்கிறது. கோ மொழி 'ஃபீல்ட்ஸ்', 'ஸ்ப்ளிட்' என்று தனித்தனிப் பெயர் கொடுத்திருக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. நிரலைப் படிப்பவருக்கு எழுதியவரின் எண்ணம் உடனே புரியும்.

கேள்வி: ஜாவாவில் எங்கள் நிரல் ஆயிரக்கணக்கான வரிகளைச் சரியாகப் படித்துவிட்டுச் சில வரிகளில் மட்டும் 'அரே' (மதிப்புகளின் வரிசை) எல்லையைத் தாண்டியதாகச் சொல்லி நின்றுவிடுகிறது. அதோடு '10.0.0.7' என்ற முகவரியைப் புள்ளியை வைத்துப் பிரித்தால் ஒன்றுமே வருவதில்லை.

நிற்கும் வரிகளைத் தேடிப் பாருங்கள், அவற்றின் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். ஜாவாவின் 'ஸ்ப்ளிட்' நடுவில் உள்ள காலித் துண்டுகளை வைத்துக்கொண்டு கடைசியில் உள்ளவற்றை வெட்டிவிடும். முதல் கேள்வியின் '17,81,,62,' வரியைக் கொடுத்தால் நான்குதான் திரும்ப வரும். நடுவில் உள்ளவை தப்பிப்பதால் சோதனையின்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது மதிப்பாக -1 கொடுங்கள், ஐந்தும் வந்துவிடும்.

புள்ளி விஷயமும் இதோடு பின்னிக்கிடக்கிறது. அந்த ஃபங்ஷன் பிரிப்பானை ரெகுலர் எக்ஸ்பிரஷனாகவே, அதாவது எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் குறிமொழியாகவே, படிக்கிறது. அங்கே புள்ளிக்கு 'எந்த எழுத்தாகவும் இருக்கலாம்' என்று பொருள். ஆகவே உங்கள் முகவரியின் ஒவ்வோர் எழுத்தும் பிரிப்பானாகிவிட்டது. மிஞ்சியவை எல்லாம் காலித் துண்டுகள். அவை கடைசியில் இருப்பதால் வெட்டப்பட்டு, நீளம் பூஜ்யமான 'அரே' கையில் கிடைத்தது. புள்ளிக்கு முன் இரண்டு பின்சாய்வுக் கோடுகள் இடுங்கள், அல்லது 'பேட்டர்ன்' வகுப்பின் 'குவோட்' ஃபங்ஷனில் சுற்றிக் கொடுங்கள். செங்குத்துக் கோட்டால் பிரிப்பவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில், முகவரிக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் என்ன செய்வது?

அந்த இடத்தில் 'ஸ்ப்ளிட்' பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். 23,"அறை 4, இரண்டாம் தளம்",உண்டு என்ற வரியில் மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. 'ஸ்ப்ளிட்' நான்காக்கிவிடும், மேற்கோள்குறியும் துண்டோடு ஒட்டிக்கொண்டு வரும். 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விதிகளைச் சொல்கிறது: காற்புள்ளி உள்ள கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் வை, உள்ளே மேற்கோள்குறியே வந்தால் அதை இரண்டாக எழுது. மேற்கோளுக்குள் புதிய வரியும் வரலாம். ஆகவே முதலில் வரி வரியாக வெட்டிவிட்டு, பிறகு காற்புள்ளியைப் பார்க்கலாம் என்ற அணுகுமுறையே உடைந்துபோகிறது. தற்போது படிக்கும் எழுத்து மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று நினைவு வைத்துக்கொண்டு நடக்கும் நிரல்தான் இதைப் படிக்க முடியும். பைத்தானில் 'சிஎஸ்வி' மாட்யூல் அதைச் செய்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்டு சமாளிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். கிளம்பியவர்கள் எழுதியதைப் பின்னால் வருபவர்களால் படிக்க முடிவதில்லை.

கேள்வி: கம்பைலரில் சொல்லும் டோக்கனும் செயற்கை நுண்ணறிவில் சொல்லும் டோக்கனும் ஒன்றா?

பெயர் ஒன்று, வேலை வேறு. நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் முடிந்தவரை நீளமான டோக்கனை எடுக்கும். சி மொழியில் 'ஏ+++பி' என்று எழுதினால் 'ஏ', '++', '+', 'பி' என்று பிரியும். நீங்கள் மனத்தில் வேறு நினைத்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இந்த விதியால் சி++ மொழியில் '>>' என்று அடுத்தடுத்து வரும் மூடுகுறிகளுக்கு நடுவே, அவை ஒரே டோக்கனாகிவிடாமல் இருக்க, இடைவெளி விட வேண்டியிருந்தது. 2011-ஆம் ஆண்டுத் தரநிலைதான் அதை நீக்கியது. செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகளோ புள்ளிவிவரத்தின்படி பிரிக்கின்றன. அவற்றில் பரவலாக உள்ள ஒரு முறை, 1994-இல் ஃபிலிப் கேஜ் தரவுச் சுருக்கத்துக்காக வெளியிட்டது: அடிக்கடி அருகருகே வரும் இணையைச் சேர்த்து ஒரே குறியாக்கு, மறுபடி அதையே செய். அங்கே துண்டுக்கும் இலக்கணத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கேள்வி: தமிழ்ச் சொற்களை எண்ணும் நிரலைப் பைத்தானில் எழுதுகிறேன். சொல்லுக்கான ரெகுலர் எக்ஸ்பிரஷன் குறியை (பின்சாய்வுக் கோடும் சிறிய 'டபிள்யூ'வும்) கொடுத்தால் 'தமிழ் மொழி' என்பதிலிருந்து 'தம', 'ழ', 'ம', 'ழ' என்று நான்கு துண்டுகள் வருகின்றன. பைத்தானுக்குத் தமிழ் தெரியாதா?

இந்தக் கடிதம் எழுதியவரைப் பாராட்டுகிறேன். வெறும் எண்ணிக்கையோடு நிற்காமல் துண்டுகளை அச்சிட்டுப் பார்த்திருக்கிறார்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 'தமிழ்' என்பது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யுடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பில் 15 பைட். பைத்தானுடன் வரும் 'ரீ' மாட்யூல், அந்தச் சொற்குறிக்குள் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கிறது. உயிர்மெய்க்கான கொம்பும் காலும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' என்ற வகையில் இருக்கின்றன. ஆகவே அந்தக் குறி ஒவ்வொன்றும் உங்கள் சொல்லை வெட்டும் கத்தியாகிவிடுகிறது.

தமிழ் மட்டும் உள்ள உரை என்றால், சதுர அடைப்புக்குள் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் எல்லையாகக் கொடுங்கள். பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. கொம்பும் புள்ளியும் அதற்குள்ளேயே இருப்பதால் 'தமிழ்', 'மொழி' என்று முழுதாக வரும். எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டுமானால், தனியாக நிறுவ வேண்டிய 'ரீஜெக்ஸ்' லைப்ரரியில் பின்சாய்வுக் கோடும் பெரிய 'எக்ஸ்' எழுத்தும் சேர்ந்த குறி இருக்கிறது. அது த, மி, ழ் என்று மூன்றாகத் தரும்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். 'மொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறி ஒன்றாகவோ, முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனியாகவோ. திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கு வேறு வேறு சொற்கள். பல இடங்களிலிருந்து திரட்டிய உரையில் இரண்டும் கலந்திருக்கலாம். கோப்பை உள்ளே வாங்கியதும், பிரிப்பதற்கு முன்பே, 'யூனிகோட்டேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' கொண்டு இவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். 'மொழி' உங்கள் பட்டியலில் ஒரே வரியில் வரும்.