கனவில் வந்து தண்ணீர் கேட்கும் அப்பா

தம்பி, இரண்டு வருடங்களுக்கு முன் தவறிய அப்பா விடியற்காலைக் கனவில் வந்து, "வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா?" என்று கேட்கிறார், பதில் சொல்வதற்குள் விழித்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆன்மா தாகத்தில் அலைகிறது, பெரிய பரிகாரம் செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னாராம். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால், கடைமடைக்குத் தண்ணீர் எட்டும்வரை டெல்டா விவசாயிக்கு வேறு கேள்வியே கிடையாது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மதகடியில் நின்று உங்கள் அப்பா இதை எத்தனை முறை கேட்டிருப்பார்! அந்தக் குரல் உங்களுக்குள் அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான். கனவு மிகுந்து வரும் உறக்கநிலை பின்னிரவில்தான் நீளும். அதனால்தான் விடியலில் வருகிறது, விழித்ததும் நினைவில் நிற்கிறது. பிரிவின் துக்கத்தில் இருப்பவர்களுக்கு இது மிக இயல்பு.

மனம் கேட்கவில்லையென்றால், ஆடி அமாவாசையன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையிலோ மயிலாடுதுறை துலாக் கட்டத்திலோ உங்கள் வீட்டு வழக்கப்படி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வாருங்கள். கடன் வாங்கிப் பரிகாரம் எதுவும் வேண்டாம். பயத்தில் தூக்கமே கெடுகிறது என்றால், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.