ஏரி வாளை குறைந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

செம்பரம்பாக்கம் ஏரியில் முன்பு பெரிய வாளைகள் பிடிபட்டதாக ஊர்ப் பெரியவர்கள் சொல்வதாகவும், அந்த மீன் அன்று எங்கெல்லாம் இருந்தது, இன்று எங்கே எஞ்சியுள்ளது என்பதைப் பதிவுசெய்யும் வழி என்ன என்றும் பூந்தமல்லி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் மீனை உறுதிசெய்துகொள்ளுங்கள். காசிமேட்டில் வாளை என்றால் நாடா போன்ற கடல்மீன்; நீங்கள் தேடுவது அகன்ற வாயும் நீண்ட மீசையும் உடைய, வாலாகோ அட்டு என்ற அறிவியல் பெயர் கொண்ட நன்னீர் மீன். ஆகவே பெரியவர்களிடம் படத்தைக் காட்டியே கேளுங்கள்.

பழைய தரவுகளுக்கு, சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி 1916இல் பி. சுந்தரராஜ் வெளியிட்ட குறிப்புகளிலிருந்து தொடங்கலாம். சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்திலும் விசாரிக்கலாம். ஆனால் பதப்படுத்தி வைத்த பழைய மீன் மாதிரியின் அடையாளச் சீட்டில் ‘மெட்ராஸ்’ என்று மட்டும் இருந்தால், அது நகரத்தையும் குறிக்கலாம், கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை பரந்திருந்த மாகாணத்தையும் குறிக்கலாம் என்பதால், அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்காமல் தனியே வையுங்கள்.

களப்பணியில் பலரும் விட்டுவிடுவது, மீன் கிடைக்காத நாளின் பதிவைத்தான். எந்த வலை, எத்தனை மணி நேரம், நீர்மட்டம் எவ்வளவு என்பவற்றோடு ‘கிடைக்கவில்லை’ என்றும் எழுதினால்தான் பிற்காலத்தில் ஒப்பிட முடியும். ஏரியில் இருக்கும் மீன் ஒருமுறை தேடும்போது அகப்படும் வாய்ப்பு 30 சதவீதம் என்று கொள்வோம்; மூன்று முறை தேடியும் தவறவிடும் வாய்ப்பு 34 சதவீதம், எட்டு முறை தேடினால் அது ஏறத்தாழ 6 சதவீதம். வாளை இரவில் இரை தேடுவது. பகலில் வீச்சு வலை வீசிவிட்டு இல்லையென்று முடிவுகட்டுவதில் பொருளில்லை. ஆண்டுதோறும் அதே மாதங்களில், அதே முறையில் தேடுங்கள். குத்தகைதாரரின் ஒப்புதலும் மீன்வளத்துறையின் அனுமதியும் பெற்றே இறங்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மீன் கிடைத்தாலும் ஓர் ஐயம் எஞ்சும். 1996 முதல் கிருஷ்ணா ஆற்று நீர் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வருகிறது, அங்கிருந்து பிற ஏரிகளுக்கும் செல்கிறது. 2015 டிசம்பர் போன்ற பெருவெள்ளத்தில் ஏரிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. இன்று பிடிபடும் வாளை பழைய கூட்டத்தின் வழிவந்ததா, புதிதாக வந்து சேர்ந்ததா என்பதைப் புகைப்படம் சொல்லாது. எனவே துடுப்பின் சிறு துண்டை வெட்டி, 95 சதவீத எத்தனாலில் இட்டு, தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதிய சீட்டுடன் பாதுகாத்துவையுங்கள். மரபணு ஆய்வுக்கு அது போதும்.