பட்டறைப் பக்கம்: மூன்றாவது செட் ஷாக்கும் ஒழுகுகிறதே!

திண்டுக்கல்லில் பூட்டு வியாபாரம் செய்யும் வாசகர் கேட்கிறார்: ஐயா, என்னுடையது சிறிய ஹேட்ச்பேக் கார். வண்டியோடு வந்த பின் ஷாக் அப்சார்பர்கள் 70,000 கிலோமீட்டர் ஓடின. அதன்பிறகு மாற்றிய இரண்டு செட்டும் 12,000-ஐத் தாண்டவில்லை. இப்போது இருப்பது மூன்றாவது செட், அதிலும் இடது பக்கம் எண்ணெய் ஒழுகுகிறது. டிக்கியில் எப்போதும் பூட்டுப் பெட்டிகள் இருக்கும். பின்பக்கம் தாழ்கிறதே என்று ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் வைத்திருக்கிறேன். டூப்ளிகேட் சாமானா, என் ராசியா?

ராசியை விடுங்கள். டூப்ளிகேட்டுக்கும் வாய்ப்பு உண்டுதான், ஆனால் மூன்று தடவையும் அதே கதை என்றால் நான் முதலில் சாமானைப் பார்க்க மாட்டேன், பூட்டிய கையைப் பார்ப்பேன். 70,000 ஓடிய செட் தொழிற்சாலையில் பூட்டியது. அடுத்ததெல்லாம் பட்டறையில் பூட்டியது.

பின் ஷாக்கின் கீழ்க் கண்ணில், அதாவது போல்ட் நுழையும் வளையத்தில், ஒரு ரப்பர் புஷ் இருக்கும். ரப்பருக்கு நடுவே இரும்புக் குழல். போல்ட்டை முறுக்கியதும் அந்தக் குழல் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆக்சில் ஏறி இறங்கும்போது குழல் சுற்றாது, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு விடும். இப்போது பட்டறையில் என்ன நடக்கிறது? வண்டி ஜாக்கியில், சக்கரம் அந்தரத்தில், ஆக்சில் கீழே தொங்குகிறது. அந்த நிலையிலேயே ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று முறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கினால், நிற்கும்போதே ரப்பர் பாதி முறுக்கிக் கிடக்கும். அதன் மேல் ஸ்பீடு பிரேக்கர், பள்ளம், பூட்டுப் பெட்டி. புஷ் கிழியும். அதோடு ஷாக் நேராக நிற்காமல் ஒருபக்கம் இழுபட, உள்ளே போய்வரும் இரும்புத் தண்டான ராடு, எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் சீலை ஒரே பக்கமாகத் தேய்க்கும். அந்தப் பக்கம் எண்ணெய் வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடகை வண்டிக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை ஷாக் மாற்றினேன். மூன்றாவது முறை கழற்றிய புஷ்ஷைக் கையில் வைத்துப் பார்த்தபோது, துணியைப் பிழிந்த மாதிரி ரப்பரில் சாய்வாக வெடிப்பு ஓடியிருந்தது. என் குருநாதர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தரையில நிக்க வச்சு முறுக்குனியாடா?" என்றார். அவ்வளவுதான். போல்ட்டை விரலால் ஏற்றி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு முறை அமுக்கி விட்டு, அப்புறம்தான் முழு இறுக்கம். அடியில் கை நுழையாத வண்டி என்றால் ஆக்சிலுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, வண்டி நிற்கும் உயரத்துக்கு அதைத் தூக்கி வைத்துக்கொண்டு முறுக்கலாம்.

அடுத்தது ராடு. மேல் நட்டை முறுக்கும்போது ராடும் சேர்ந்து சுற்றும். உடனே வைஸ் கிரிப் பிளையரால் ராடைக் கவ்விப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒழுகும் ஷாக்கின் டஸ்ட் கவரை, அதாவது ராடைத் தூசியிலிருந்து காக்கும் உறையைத் தூக்கி, ராடைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் மேலிருந்து கீழே வருடிப் பாருங்கள். எங்காவது நகம் தட்டினால் அது பிளையர் பல் பதிந்த இடம். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய குரோம் பூச்சில் அந்த ஒரு கீறல் போதும். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அரம் மாதிரி சீலை அறுக்கும். ராடின் நுனியில் ஆலன் சாவிக்கு ஓட்டையோ, ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடமோ கொடுத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, உங்கள் பங்குக்கு வருகிறேன். அந்த ரப்பர் பஃபரைக் கழற்றுங்கள். அதை விற்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஷாக் சுமை தாங்குவதில்லை, சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. பஃபர் வைத்தால் ஸ்பிரிங் விறைக்கும், துள்ளல் வேகமாகும், பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து செய்த ஷாக்கால் அதை அடக்க முடியாது. பெட்டிகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது இன்னும் மோசம். பின்பக்கம் ஏற்கெனவே தூக்கி நிற்பதால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் கடைசி எல்லை வரை நீண்டு உள்ளேயே இடித்துக்கொள்ளும். உங்கள் வண்டி மாதிரி, இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே உத்திரம் இணைக்கும் பீம் ஆக்சில் வண்டிகளில், ஆக்சில் அளவுக்கு மேல் இறங்காமல் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஷாக்தான்.

பெட்டிகளை ஒருநாள் எடை போடுங்கள். வண்டியின் கையேட்டில் அனுமதித்த மொத்த எடையும் காலி எடையும் இருக்கும். கழித்தால் வருவதுதான் நீங்களும் சரக்கும் சேர்ந்து. சிறிய கார்களில் அது 400, 450 கிலோ அளவில்தான் இருக்கும். நான்கு பேர் உட்கார்ந்தால் டிக்கிக்கு என்ன மிச்சம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், வியாபாரிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதிய செட் போடும்போது, ஷாக் அடிவரை போய் இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரும் டஸ்ட் கவரும் புதிதாக வாங்குங்கள். பழசை எடுத்து மாட்டினால், பொடிந்த பம்ப் ஸ்டாப் இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்புறம் ஒரு வேடிக்கை: ராடில் சின்ன கேபிள் டையை அதிகம் இறுக்காமல் கட்டி, சீலுக்கு ஒட்டினாற்போல் இறக்கி வைத்துவிட்டு வழக்கமான சரக்கோடு ஒரு நாள் ஓட்டுங்கள். சாயங்காலம் அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால், அன்றைக்கு ஒரு தடவையாவது ஷாக் அடிவரை போய் இடித்திருக்கிறது என்று அர்த்தம். பார்த்து முடித்ததும் டையை வெட்டி எடுத்துவிடுங்கள்.

மதுரை வாசகர்: ஒழுகும் ஷாக்கில் ஓட்டை போட்டு, புது எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து 'ரீகண்டிஷன்' செய்து தருகிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். மோரிஸ் மைனர் என்ற பழைய காரில் நெம்புகோல் மாதிரி ஷாக் இருந்தது, அதில் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றலாம். அந்தக் காலத்துப் பழக்கம்தான் இன்றைக்கும் தொடர்கிறது. இப்போது வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் எண்ணெயோடு நைட்ரஜனும் அழுத்தத்தில் இருக்கிறது. ஓட்டை போட்டதுமே வாயு போய்விடும், தேய்ந்த சீலும் வால்வும் அப்படியே இருக்கும். எண்ணெய் இருக்கும் குழாயில் வெல்டிங் தீ வைப்பது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தூத்துக்குடி வாசகி: வாரத்துக்கு ஒரு நாள்தான் வண்டி எடுக்கிறேன். சுமையே ஏற்றுவதில்லை. எனக்கும் ஏன் ஒழுகுகிறது?

உப்பளக் காற்று, அம்மா. டஸ்ட் கவர் கிழிந்திருந்தால் வெளியே தெரியும் ராடில் துருப்புள்ளிகள் விழும். ஒரு வாரம் நின்ற வண்டியை எடுத்து முதல் பள்ளத்தில் இறக்கும்போது அந்தப் புள்ளிகள் சீலுக்குள் போகும். ஆனால் ஒழுகுகிறதா, வியர்க்கிறதா என்று முதலில் பாருங்கள். சீல் அருகே மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டியிருந்தால் அது வியர்வை, பயமில்லை. உடம்பு முழுக்க ஈரமாகி நுனியில் சொட்டு நின்றால்தான் மாற்ற வேண்டும். சந்தேகமாக இருந்தால் மேடுபள்ளச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். செத்தது குளிர்ந்தே கிடக்கும்.

மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து. கடையில் படுக்கப் போட்டு வைத்திருந்த புது ஷாக்கை வாங்கியதும் நிமிர்த்திப் பிடித்து, முழுக்க இழுத்து மெதுவாக அமுக்கி, இப்படி நாலைந்து தடவை பம்ப் அடித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். உள்ளே எண்ணெயோடு கலந்த வாயு மேலே ஏறிவிடும். அடிக்காமல் மாட்டினால் புது ஷாக்கே 'டொக் டொக்' என்று தட்டும், நீங்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள்.