21 நாள் மாத்திரையும் தாடைக்குச் சூயிங்கமும்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. போன மாதம் காலையில் காப்பி குடிக்கும்போது டம்ளர் கையிலிருந்து நழுவி, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ‘மினி ஸ்ட்ரோக்’ என்று, ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் கொடுத்தார்கள். 21 நாள் ஆனதும் ஒன்றை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தினால் மறுபடி வந்துவிடாதா? பயமாக இருக்கிறது டாக்டர்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தானாகச் சரியாகிவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் கூட்டிக்கொண்டு போனீர்கள் பாருங்கள், பாதிக் காரியம் அங்கேயே முடிந்துவிட்டது. மினி ஸ்ட்ரோக், அதாவது சிறிது நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் பக்கவாத அறிகுறி, வந்தவருக்குப் பெரிய பக்கவாதம் வருவதாக இருந்தால், அதிகமும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும்.

இந்த 21 நாள் கணக்கு சீனாவில் 114 மருத்துவமனைகளில் நடந்த ‘சான்ஸ்’ என்ற ஆய்விலிருந்து வந்தது. 2013-ல் வெளியானது. லேசான பக்கவாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்து 24 மணி நேரத்துக்குள் சேர்ந்த 5,170 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆஸ்பிரின் மட்டும், மறு பாதிக்கு 21 நாள் இரண்டு மாத்திரையும் அப்புறம் க்ளோபிடோக்ரெல் மட்டும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 117 பேருக்கு மறுபடி வந்தது, மற்றவர்களில் 82 பேருக்கு. ஆயிரம் பேரில் 35 குடும்பம் தப்பித்தது, சின்ன விஷயமா?

அப்படியென்றால் இரண்டையும் தொடர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். 2018-ல் வந்த ‘பாயிண்ட்’ ஆய்வு, 10 நாடுகளில், அதையும் பார்த்துவிட்டது. அங்கே இரண்டையும் 90 நாள் கொடுத்தார்கள். பலன் பெரும்பாலும் ஆரம்ப வாரங்களிலேயே கிடைத்துவிட்டது, ஆனால் பெரிய ரத்தக்கசிவு ஆயிரத்துக்கு 4 பேரிலிருந்து 9 பேராகக் கூடியது. நாள் போகப் போக லாபம் குறைகிறது, கசிவு மட்டும் கூடவே வருகிறது. அதனால்தான் நிறுத்தச் சொல்கிறார்கள்.

என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார், கத்தரித்த மாத்திரை அட்டைகள் கொட்டின. பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே நாலு மாதமாக இரண்டையும் வாங்கியிருக்கிறார். முழங்கையில் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது, பல் தேய்த்தால் ரத்தம் என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை, எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாருமே எழுதிக் கொடுக்கவில்லை. உங்கள் அப்பாவின் சீட்டில் நிறுத்த வேண்டிய தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். எது நிற்கிறது, எது தொடர்கிறது என்பதையும்தான். இரண்டையுமே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு, அது அதைவிட ஆபத்து.

இதயத்தில் ஸ்டென்ட் இருந்தாலோ, மூளைக்குள் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலோ நாள் கணக்கு மாறும். இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால் மாத்திரையே வேறு. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிரஷர் மாத்திரையை மட்டும் ‘இப்போ நார்மல்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்த 6,105 பேரை வைத்து நடந்து 2001-ல் வெளியான ‘புரோக்ரெஸ்’ ஆய்வில், பிரஷர் மாத்திரை எடுத்தபோது, நாலு வருடத்தில் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் நூற்றுக்கு 14-லிருந்து 10 ஆகக் குறைந்தார்கள். பிரஷர் அதிகம் இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது.

கேள்வி: மகளுக்கு 12 வயது, கீழ்த்தாடை உள்ளடங்கியிருக்கிறது. பல் டாக்டர் ‘ட்வின் பிளாக்’ என்ற பல் கருவி போடலாம் என்கிறார். என் தம்பியோ ரீல்ஸ் பார்த்துவிட்டு, சூயிங்கம் மென்றால் தசை பலமாகித் தாடை தானாக வளரும் என்கிறான். எதைக் கேட்பது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பல் டாக்டரைக் கேளுங்கள். தசைக்கும் முக அமைப்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் பல் சீரமைப்பு நிபுணர் பிராஃபிட்டின் குழு 1983-ல் கடிக்கும் விசையை அளந்து பார்த்தது. நீள முகம் கொண்ட பெரியவர்களின் விசை மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. அதே நீள முகம் கொண்ட குழந்தைகளை அளந்தால், மற்றக் குழந்தைகளோடு வித்தியாசமே தெரியவில்லை! முகம் முதலில் நீண்டுவிட்டது, விசை வித்தியாசம் பிறகுதான் தெரிகிறது. சூயிங்கம் மென்று தாடையை முன்னால் கொண்டுவரலாம் என்பதற்கு இதில் இடமில்லை. அதிகம் மென்றால் தாடை மூட்டு வலிதான் மிச்சம்.

ட்வின் பிளாக்கை 1977-ல் ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் உருவாக்கினார். மேலே ஒன்று கீழே ஒன்று, சரிவான இரண்டு கட்டைகள். வாயை மூடினாலே கீழ்த்தாடை முன்னால் வந்துதான் ஆக வேண்டும். தசைகள் அதைப் பின்னுக்கு இழுக்கும், அந்த இழுப்பு பற்களுக்குப் போகும். பிரிட்டனில் 8 முதல் 10 வயதுள்ள 174 குழந்தைகளிடம் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில் மேல் முன்பற்களின் முன்துருத்தல் நன்றாகவே குறைந்தது, ஆனால் பெரும்பகுதி பற்கள் நகர்ந்ததால். எலும்பில் மாற்றம் கொஞ்சம்தான். ஆகவே ‘தாடையே வளர்ந்துவிடும்’ என்று எதிர்பார்க்காமல், பல்வரிசை சேரும் என்று எதிர்பாருங்கள்.

வேகமாக வளரும் வயது, இதற்கு ஏற்ற நேரம்தான். முதல் சில நாள் கன்னத்தசை வலிக்கும், பேச்சு குழறும், பள்ளியில் கேலியும் இருக்கலாம். அந்த நாட்களில் இட்லி, குழைந்த சாதம் போதும். சாப்பிடும்போதும் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்பதை மகளை முன்னால் வைத்தே பல் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், மாட்டப்போகிறவள் அவள்தான்.