சுற்றல் நின்றுவிட்டது, தள்ளாட்டம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: என் வயது 52. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் திடீரென்று எல்லாமே சுழன்றது. வாந்தியோடு மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன். காது நன்றாகக் கேட்கிறது. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை. சுற்றல் நின்றுவிட்டது, ஆனால் தலையைச் சட்டென்று திருப்பினாலும், இருட்டில் நடந்தாலும் தள்ளாடுகிறது. தினமும் தலைசுற்றல் மாத்திரை போட்டுக்கொண்டு, தலையை அசைக்காமல் சமாளிக்கிறேன். கழுத்து எலும்புத் தேய்மானமா டாக்டர்?

பதில்: கழுத்தின் மேல் பழி போடாதீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும்.

தலைசுற்றலில் ஸ்கேனைவிட, எவ்வளவு நேரம் சுற்றியது என்பதே அதிகம் சொல்லும். படுக்கையில் புரளும்போது சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உள்காதின் கால்சியம் துகள்கள் இடம் மாறி, அங்கே தலையின் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கும். எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை வெளியேற்றிவிடலாம். மாத்திரை தேவையே இல்லை. 20 நிமிடம் முதல் பல மணி நேரம் சுற்றி, காது அடைத்து, இரைச்சலோடு கேட்பதும் குறைந்தால் மெனியர் என்ற உள்காது நோயை நினைப்போம். உங்களுக்கு நாள்கணக்கில் சுற்றியிருக்கிறது, கேட்கும் திறன் கெடவில்லை. சமநிலை நரம்பில் அழற்சி, அதாவது வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ், வந்துபோயிருக்கலாம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, உங்கள் தலையைச் சட்டென்று கொஞ்சம் திருப்புவார். பழுதான பக்கம் திருப்பும்போது கண்ணும் தலையோடு போய்விட்டு, துள்ளித் திரும்பும். 1988-ல் விவரிக்கப்பட்ட இந்தப் பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம்.

நரம்பு முழுதாகத் தேறாவிட்டாலும் மூளை பழகிக்கொள்ளும். ஆனால் தலை அசையும்போது பார்வை வழுக்குகிறது என்ற தகவல் வந்தால்தான் பழகும். நீங்கள் தலையையே அசைப்பதில்லை. சுற்றலை அடக்கும் மாத்திரைகள் பலவும் இந்தப் பழக்கத்தைத் தாமதப்படுத்தும். முதல் மூன்று நாளுக்குச் சரி, இரண்டு மாதம் அதிகம். எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டு நிறுத்தப் பாருங்கள்.

அப்புறம் பயிற்சி. சுவரில் கண் மட்டத்தில் ஓர் எழுத்தை ஒட்டி, கை நீளத் தூரத்தில் உட்காருங்கள். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடவலமாக ஒரு நிமிடம் ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழும். எழுத்து கலங்காத வேகம்தான் உங்கள் வேகம். தினமும் மூன்று தடவையாவது செய்யுங்கள். பழகியதும் நின்றுகொண்டு, பிறகு கால்களைச் சேர்த்து, கடைசியில் நடந்துகொண்டே. லேசாகக் கிறுகிறுக்கும், அது வேலை நடப்பதன் அடையாளம். அரைமணி நேரமாகியும் அடங்காவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. பலன் தெரியச் சில வாரங்களாகும்.

பேச்சு குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணல், கைகால் பலவீனம் என எது சேர்ந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அது காது விவகாரம் அல்ல.

இரவில் எழுந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டே நடங்கள். வீரமெல்லாம் பகலில், பயிற்சி நேரத்தில் மட்டும்.