நினைவு அருங்காட்சியகத்தில் கறுப்புச் சுவர் மட்டும் போதுமா?

‘இறுதியாண்டு இன்டீரியர் புராஜெக்டுக்கு, துயர நிகழ்வை நினைவுகூரும் நினைவு அருங்காட்சியகம் எடுத்திருக்கிறேன், சோகம் தெரிய எல்லாவற்றையும் இருட்டாக்கலாமா?’ என்பது ஒரு மாணவரின் கேள்வி. வேண்டாம். முழுக்க இருட்டென்றால் பத்தாவது நிமிடமே கண் பழகிவிடும், அப்புறம் எதுவும் உறைக்காது.

பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) கோபுரத்தைப் பாருங்கள். 24 மீட்டர் உயர வெறும் கான்கிரீட், சூடேற்றும் வசதி இல்லை, உச்சியில் ஒரு கீற்று வெளிச்சம். காட்சிப் பொருள் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஓர் இடம் தாக்குவதற்குக் காரணம், மற்ற கூடங்கள் அப்படி இல்லாததுதான்.

கடிதம், துணி, பழைய புகைப்படத்தின் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தாண்டக் கூடாது, தாண்டினால் அவை மங்கிவிடும். வெயிலிலிருந்து வருபவரை நேரே அங்கே தள்ளினால் ஒன்றும் தெரியாமல் தடுமாறுவார். நடுவே 300, பிறகு 150 லக்ஸ் என இறங்கும் நடைவழி கொடுங்கள். ஸ்பாட் விளக்கைச் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்தால் கண்ணாடியில் விளக்கொளி பிரதிபலித்துப் பார்ப்பவர் கண் கூசுவது குறையும். சாம்பல் பலகையில் வெள்ளி எழுத்து கணினித் திரையில் அழகுதான், 50 லக்ஸில் யாராலும் படிக்க முடியாது.

காட்சிப் பெட்டிக்குள் எம்டிஎஃப் (மரத்தூள் நாரைப் பசையிட்டு அழுத்திய) பலகை வேண்டாம்; அதிலிருந்து வரும் அமில ஆவி ஈயப் பொருளை அரிக்கும். பவுடர் பூச்சிட்ட உலோகத் தகடு போடுங்கள்.

பெரும்பாலான வரைபடங்கள் தவறுவது சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையில். தரை 45 செ.மீ. உயர்ந்தால் 1:12 (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) கணக்கில் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அதை முதலிலேயே வரைந்துவிடுங்கள்.