"வாங்க போவோம்": மனச்சோர்வு பற்றி சிஸ்டரிடம் கேட்டவை

டெல்டா பக்கத்து அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் 19 வருடம் மனநலப் பிரிவு. நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் பதில் வராது. கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டேன். சிலருக்கு ஊரையும் மாற்றியிருக்கிறேன். வரிசையில் பின்னால் வந்த ஒரு கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கம்: சிஸ்டர், ராத்திரியானால் செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. குத்தகை நிலம், சம்பா மூழ்கிவிட்டது. வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள்.

தம்பி, இதைப் படித்து முடித்ததும் 14416-க்கு போன் போடுங்கள். அரசாங்கத்தின் இலவச எண், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தில் அந்தச் சேவைக்கு "நட்புடன் உங்களோடு" என்று பெயர். என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றால், எனக்கு எழுதினீர்களே இதே வரிகள், அதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். போதும்.

வீட்டில் பயந்துவிடுவார்கள் என்கிறீர்கள். பயப்படட்டும். பயந்தால் கூட உட்கார்ந்திருப்பார்கள், இன்றைக்கு உங்களுக்கு அதுதான் வேண்டும். மனைவியோ அண்ணனோ, யாராவது ஒருவரிடம் இந்த ராத்திரியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்தில் "மருந்து" என்றால் இரண்டு பொருள். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து. வயலுக்கு அடித்து மிச்சமான மருந்து வீட்டிலோ கொட்டகையிலோ இருந்தால் நீங்கள் கிட்டவே போகாதீர்கள். அண்ணனை எடுத்துப்போய் அவர் இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இந்த எண்ணம் ஏறும், இறங்கும். அது ஏறி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வீட்டுக்குள் பூச்சிமருந்து வைக்காதீர்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் இதையே சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

நெல் போனது நிஜம், கடனும் நிஜம். "நான் இருந்து என்ன" என்கிற கணக்கை மட்டும் நோய் போட்டுக் கொடுக்கிறது. அந்தக் கணக்கோடு இருந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். ஒன்றரை மாதம் கழித்து அவர்களே, "அப்படியா சொன்னேன்?" என்று கேட்பார்கள். கையை மீறுகிற மாதிரி இருந்தால் 108. நாளைக்கு எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.

பேராவூரணி: கஜா புயலில் எங்கள் தோப்பு முழுக்கச் சாய்ந்தது. அப்பா அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். இப்போது உடம்பு வலி, நெஞ்சு பாரம் என்கிறார். எல்லா டெஸ்டும் நார்மல். நடிக்கிறாரா?

நடிக்கவில்லை அம்மா. 2018 நவம்பர் 16 விடியலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்ததை மரம் என்று வெளியூர்க்காரர்தான் சொல்வார். நாம் தென்னம்பிள்ளை என்று சொல்கிறவர்கள். 30 வருடம் வளர்த்த பிள்ளைகள் ஒரே ராத்திரியில் வரிசையாகக் கிடந்தால், அப்புறம் புதுக் கன்று வைத்து அது காய்க்க 5, 6 வருடம் ஆகும் என்றால், 60 வயதுக்காரர் மனசுக்குள் என்ன கணக்குப் போட்டிருப்பார்?

நம் ஆண்களுக்கு மனசு வலிக்கிறது என்று சொல்ல வாய் வராது. உடம்புதான் பேசும். ஓ.பி.க்கு ஒருவர் வந்தார், மனைவி கையில் மஞ்சள் பை. அதை மேஜையில் கவிழ்த்தார்: ஈ.சி.ஜி. நாலு, எண்டோஸ்கோப்பி, தலைக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஒரு கட்டு. எல்லாவற்றிலும் நார்மல். இரண்டு வருடம், வட்டிக்கு வாங்கிய பணம். டாக்டர் ஒரு காகிதத்தையும் தொடவில்லை. "கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினீர்கள்?" என்று கேட்டார். மனிதர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தவர்தான். மனைவி ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்: விடிகாலை 3 மணிக்கு முழிப்பு வந்து மறுபடி தூக்கம் வராமல் போகிறதா? சாப்பாட்டில் ருசி இருக்கிறதா? பேரப்பிள்ளை வந்தால் முகம் மலர்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேல், தினமும், நாள் முழுக்க இப்படி இருந்தால் காட்டத்தான் வேண்டும். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் இப்படி அசதி வரும். அதையும் டாக்டர் பார்ப்பார்.

பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். "தூக்கமே இல்லை என்கிறீர்களே அப்பா, அதற்கு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் அதில் பொய்யே இல்லை. "போய்ப் பாருங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுந்து குளிக்கவே தெம்பில்லாதவர் பஸ் ஏறி, சீட்டு வாங்கி, வரிசையில் நிற்பாரா? "வாங்க போவோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நில்லுங்கள்.

கும்பகோணம்: மாத்திரை ஆரம்பித்தால் பழகிவிடுமா? வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

இரண்டு வகை மாத்திரையைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மனச்சோர்வுக்குத் தருபவை எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸிடின் போன்றவை. இவை சாராயம் மாதிரி "இன்னும் கொடு" என்று கேட்காது. ஆனால் தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் வேலையும் செய்யாது. 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றைப் புரட்டும், கொஞ்சம் படபடப்பு வரும். பலன் தெரியாது, தொல்லை மட்டும் தெரியும். அந்த வாரத்தில்தான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். முதல் தடவை வந்தவர்களில் நிறையப் பேர் அப்புறம் நிறுத்திவிடலாம். டாக்டர் சொல்கிற மாதிரி படிப்படியாக. திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், உள்ளே ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும்.

பழகுவது அல்பிரஸோலம், குளோனஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகள். இவற்றைச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் "தூக்கத்துக்கு ஒன்று கொடுங்கண்ணே" என்று வாங்காதீர்கள். கொடுக்கிற அண்ணனையும் நம்பாதீர்கள்.

மன்னார்குடி: மாத்திரை பழகிவிடுமா சிஸ்டர்?

மேலே பார்க்கவும்.

திருக்காட்டுப்பள்ளி: எனக்கு 74 வயது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் நாற்றங்கால், உழவு, நடவு, களை என்று மூச்சுவிட நேரமிருக்காது. எங்கள் காலத்தில் இந்த வியாதி ஏது? வேலை இல்லாதவனுக்கு வருவது இது.

ஐயா, இருந்தது. பெயர்தான் வேறு. காற்றுக் கருப்பு என்றார்கள், ஏழரைச் சனி என்றார்கள், பிரமை பிடித்தவன் என்றார்கள். நம் ஒவ்வொரு தெருவிலும் மாட்டுக் கொட்டகையோரம் கயிற்றுக் கட்டிலில் படுத்தே கிடந்த ஒரு பெரியப்பா உண்டு. "அவருக்கு அப்படித்தான்" என்று சோற்றைக் கொண்டுபோய் வைத்தார்கள். வேலையை விட்டதால் அவருக்கு அது வரவில்லை. வந்ததால்தான் வேலை நின்றது.

மயிலாடுதுறை (தமிழாசிரியர்): குறுக்கே வருகிறேன். எல்லோரும் "மன அழுத்தம்" என்று எழுதுகிறார்கள், நீங்கள் "மனச்சோர்வு" என்கிறீர்கள். எது சரி?

அழுத்தம் வெளியிலிருந்து வருவது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிவிடுவார்களோ, மழை வந்துவிடுமோ என்று தார்ப்பாயோடு நாலு நாள் காத்துக் கிடக்கிறோமே, அது அழுத்தம். மூட்டை எடை போட்டதும் ஆள் லேசாகிவிடுவார். சோர்வு, எடை போட்டுப் பணம் வந்த பிறகும் போகாது. நான் அப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன். ஓ.பி.யில் இரண்டு வார்த்தையையும் யாரும் சொல்வதில்லை சார். "ஒண்ணும் புடிக்கல", "தலை கிர்ருங்குது". அவ்வளவுதான்.

திருக்காட்டுப்பள்ளி: வார்த்தை இருக்கட்டும். வயலில் இறக்கிவிட்டால் தானாகச் சரியாகும். மாத்திரை கம்பெனிக்கு லாபம் பண்ணிக் கொடுக்கிறீர்கள்.

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம் ஐயா, அதில் எனக்கு என்ன பங்கு? ஆனால் நீங்கள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். உடம்பை அசைப்பது உதவும். லேசான சோர்வுக்கு அதைச் சிகிச்சையாகவே தருகிறார்கள். அளவுதான் முக்கியம். "வரப்பு வரைக்கும் போய்விட்டு வருவோம் வா" என்பது மருந்து. "போய் ஒரு மா நட்டுவிட்டு வா" என்பது தண்டனை.

திருக்காட்டுப்பள்ளி: ஒரு மா என்றால் 100 குழி, ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. நல்ல தெம்புள்ள ஆள்கூட ஒற்றை ஆளாக ஒரு நாளில் அதை நட முடியாது. உங்களுக்கு விவசாயம் தெரியவில்லை.

நீடாமங்கலம்: ஐயா சொல்வது சரி. எங்கள் ஊரில் மாவுக்கு 5, 6 பேர் இறங்குவோம்.

ஒரத்தநாடு: இப்போது எல்லாம் மெஷின் நடவுதானே?

சரி, தோற்றேன். இதோடு நடவை நிறுத்திக்கொள்வோம்.

முசிறி: அண்ணியைக் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைக்கலாம் என்கிறார்கள். போகலாமா?

தாராளமாகப் பெருமாளைக் கும்பிடுங்கள். காவிரிக் காற்றும் நல்லது. மாத்திரைப் பையையும் கொண்டுபோய், வேளை தவறாமல் கொடுங்கள். நான் சண்டைக்கு வருவது ஒரே விஷயத்துக்குத்தான், எந்தக் கோயிலிலும் தர்காவிலும் சங்கிலி வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகை தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது.

சீர்காழி: மனநல மாத்திரை பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

கும்பகோணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். மன்னார்குடியும் அங்கேதான் போயிருக்கிறார்.

வேதாரண்யம்: மகளுக்குப் பிரசவமாகி 40 நாள். குழந்தையைத் தூக்கப் பிடிக்கவில்லை என்று அழுகிறாள். மாமியார் திட்டுகிறார்.

பிரசவமான முதல் வாரத்தில் அழுகை வந்து இரண்டு வாரத்துக்குள் போய்விட்டால் பயமில்லை. 40 நாள் என்பது அதைத் தாண்டிவிட்டது. கிராம சுகாதார நர்ஸிடம் இன்றே சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். பால் கொடுக்கும்போதே போடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. ராத்திரி ஒரு வேளை குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளைச் சேர்ந்தாற்போல் 5 மணி நேரம் தூங்க விடுங்கள். காதில் குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னாலோ, தனியாக விடாமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இது திமிர் இல்லை.

பாபநாசம்: சந்திர தசை முடிந்தால் சரியாகுமா?

அது ஜோசியரிடம் கேட்க வேண்டியது. அதுவரை டாக்டரையும் பாருங்கள்.

நாகப்பட்டினம்: தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகுமா? பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகவில்லை.

ஐயோ, முதலில் கொண்டுபோங்கள். 2017 சட்டத்தின் 115-வது பிரிவு, அவர் கடும் மன வேதனையில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அப்படியே தொடரவில்லை. ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், போலீஸ் வந்து விசாரிக்கலாம். அதற்குப் பயந்து தாமதிக்காதீர்கள்.

திருவாரூர்: எனக்கு வரன் பார்க்கிறார்கள். ஓ.பி.யில் யாராவது பார்த்துவிட்டால்?

உன் பயம் எனக்குப் புரிகிறது, கண்ணு. என் வீட்டுக்காரர் இறந்த வருடம் எனக்கே வந்தது. மனநல வார்டில் வேலை பார்த்த நான், மாத்திரை அட்டையைக் கடுகு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். தாளிக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். அதற்கு முன்பு நாலு மாதம் டாக்டரிடம் காட்டாமலே ஓட்டினேன். கடைசியில் கூட வேலை பார்த்த ஒருத்தி வீட்டுக்கு வந்து, "புடவையை மாத்திக்கிட்டு வாடி, போவோம்" என்றாள். வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். நீயும் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போ. அந்தக் கூட்டத்தில் யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. உன் விவரத்தை வெளியில் சொல்லவும் சட்டம் விடாது. கூட ஒரு சிநேகிதியைக் கூட்டிப்போ.

பட்டுக்கோட்டை: மாத்திரை போட்டால் அதற்கு அடிமையாகி...

கும்பகோணம்! கும்பகோணம்!

திருத்துறைப்பூண்டி பக்கம்: போன் பண்ணினேன் சிஸ்டர். அண்ணன் வந்து கொட்டகையில் இருந்ததை எடுத்துப்போய்விட்டார், இங்கேதான் படுத்திருக்கிறார். நாளைக்கு ஓ.பி. எத்தனை மணிக்கு?

நல்லது தம்பி. 8 மணிக்கெல்லாம் சீட்டு வாங்குகிற இடத்தில் நில்லுங்கள், "மனநலப் பிரிவு" என்று கேளுங்கள். ஏற்கெனவே போடுகிற மாத்திரை ஏதாவது இருந்தால் அட்டையோடு கொண்டுபோங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அண்ணனையும் சாப்பிடச் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருக்கும்.